வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம்: வாசகர் கேள்வி – பதில்

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா, இடுக்கித் தோட்டங்கள், தெற்கே பாறசாலை, வடக்கே ஆந்திரத்தின் குப்பம் என்று எல்லையோரங்களிலிருந்து பள்ளிப் படிப்பு பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கியிருக்கிறோம். பெயர்களை விட்டு ஊரை மட்டும் தருகிறோம்.

கேள்வி: எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் பிரிவுக்கு ஆள் குறைவு, மலையாளப் பிரிவில் சேர்த்துவிடுங்கள் என்கிறார்கள். பதினொரு பிள்ளைகள் இருக்கிறார்கள். நாங்கள் என்ன செய்ய முடியும்? (ஒரு தந்தை, வண்டிப்பெரியாறு)

பதினொன்று போதும். ஒரு வகுப்பில் 10 பேர், அல்லது பள்ளி முழுவதும் சேர்த்து 40 பேர் சிறுபான்மை மொழி பேசும் பிள்ளைகளாக இருந்தால், தொடக்கப் பள்ளியில் அந்த மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும் என்று 1949-இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு முடிவெடுத்தது. மொழிவழி மாநிலங்கள் பிறந்த 1956-இல் மத்திய அரசின் சிறுபான்மையினர் பாதுகாப்புக் குறிப்பிலும் அது ஏறியது. அதே ஆண்டின் ஏழாவது திருத்தத்தால் அரசமைப்பில் 350-ஏ பிரிவு வந்தது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்குப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது அது. 10/40 கணக்கு சட்டப் பிரிவல்ல, அரசுகள் ஒப்புக்கொண்ட ஏற்பாடு. ஆகவே மனுவில் அதை மட்டும் எழுதி மிரட்டாதீர்கள். 350-ஏ பிரிவோடு சேர்த்து எழுதுங்கள்.

மனு ஒரு தாளுக்குள் இருக்கட்டும். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, வீட்டு மொழி, பெற்றோர் கையெழுத்து என்று பதினொரு வரி. தலைமையாசிரியருக்கு ஒன்று, ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அலுவலர்) அலுவலகத்துக்கு ஒன்று. உங்கள் கையிலிருக்கும் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். தமிழிலேயே எழுதலாம். குறைதீர்க்கும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்க அரசமைப்பின் 350-ஆம் பிரிவு இடம் தருகிறது. கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசோடு எழுதிப் பேச வழி வைத்திருக்கிறது.

இவ்வளவும் செய்த பிறகும் பல இடங்களில் தமிழ்ப் பிரிவு போய்விடுகிறது. காரணம் பெரும்பாலும் இரண்டு. சேர்க்கைப் படிவத்தில் தாய்மொழி என்ற இடத்தை அவசரத்தில் யாரோ 'மலையாளம்' என்று நிரப்பிவிடுவார்கள். பதிவேட்டின்படி அங்கே தமிழ்ப் பிள்ளைகளே இல்லை என்றாகிவிடும். போய்ப் பார்த்து, திருத்தம் கேட்டு எழுதிக் கொடுங்கள். இரண்டாவது, ஆறாவது வேலைநாள். கேரளத்தில் ஆசிரியர் பணியிடங்கள் அன்றைய எண்ணிக்கையை வைத்தே முடிவாகின்றன. ஜூன் தொடக்கத்தில் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் மலையிறங்கி, பத்து நாள் கழித்து வரும் வீட்டுப் பிள்ளைகள் அந்தக் கணக்கில் விழமாட்டார்கள். ஊருக்குப் போவதை மே மாதத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். பதினொன்று ஒன்பதாவதற்கு இரண்டு வீடு போதும்.

ஒருவேளை பத்துக்குக் குறைந்தாலும், பள்ளி ஆண்டு தொடங்கும் முன்பே மொழி விருப்பத்தைப் பதிவு செய்வதும், பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு வகுப்பாக்குவதும் இதே பாதுகாப்பு ஏற்பாடுகளில் உள்ளவைதான். அதையும் மனுவில் கேளுங்கள்.

கேள்வி: ஏலத்தோட்ட வேலைக்காக போடியிலிருந்து உடும்பஞ்சோலைப் பக்கம் வந்திருக்கிறோம். டி.சி. இல்லாமல் மகனைச் சேர்க்க முடியாது என்கிறார்கள்.

சேர்க்க வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 5-ஆம் பிரிவு: டி.சி. வரத் தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையைத் தள்ளிவைக்கவோ மறுக்கவோ கூடாது. 14-ஆம் பிரிவு: வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்கக் கூடாது. நடுவில் படிப்பு நின்றிருந்தால், 4-ஆம் பிரிவின்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதற்குத் தனிப் பயிற்சி தர வேண்டும். ஒன்பது வயதுப் பையனை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது. இதெல்லாம் 6 முதல் 14 வயது வரைக்கும். பிரிவு எண்களை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். வாய்ப்பேச்சுக்கு இல்லாத மரியாதை எண்ணுக்கு உண்டு.

கேள்வி: மலையாள மீடியம் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். ஒன்பது பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ். மூன்று பேர் முதுவான் பழங்குடியினரின் குடியிலிருந்து வருகிறார்கள். பாட்டும் கதையும் நன்றாகச் சொல்கிறார்கள், புத்தகத்தைத் திறந்தால் வாயை மூடிவிடுகிறார்கள். சக ஆசிரியர்கள் 'அதுகளுக்கு ஏறாது' என்கிறார்கள். (ஒரு ஆசிரியை, மறையூர்)

ஏறாதது என்று எதுவுமில்லை டீச்சர். அந்தப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறார்கள்: எழுத்தைக் கூட்டுவது ஒன்று, கூட்டி வந்த சொல் என்னவென்று ஊகிப்பது இன்னொன்று. மலையாள வீட்டுப் பிள்ளைக்கு இரண்டாவது வேலை கிடையாது. இந்த இரண்டையும் நீங்கள் பிரித்துக் கொடுத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

முதலில் ஒரு சோதனை. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து தெரியும் என்று எண்ணிவிட வேண்டாம். அம்மா, மாடு, வீடு மாதிரி பத்துச் சொல்லைத் தமிழில் எழுதிக் காட்டுங்கள். ஏழெட்டு வாசித்தால் அந்தப் பிள்ளைக்குத் தமிழ் எழுத்திலிருந்து மலையாள எழுத்துக்குக் கைகாட்டலாம். வாசிக்காவிட்டால் காதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கை காட்டுவது எப்படி? ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு இரண்டும் இரு மொழியிலும் எழுத்துக்கு முன்னால் வருகின்றன. ஒகர ஓகாரத்தில் முன்னும் பின்னும் குறி வருவதும் அப்படியே. அதை நீட்டி நடத்த வேண்டாம், ஒரு நாள் காட்டினால் பிடித்துக்கொள்வார்கள். சொல்லின் கடைசியில் வரும் ஐந்து சில்லெழுத்துகள் தமிழின் ண், ன், ர், ல், ள். கடைசியில் வரும் சிறு வட்டம் நம் 'ம்'. இதைச் சொல்லிக்கொடுத்ததும் அவன், அவள், மரம், கால் போன்ற சொற்கள் திறந்துகொள்ளும்.

இரண்டு இடத்தில் சிக்கும். ஒன்று கூட்டெழுத்து. தமிழில் புள்ளி வைத்து 'க்க' என்று இரண்டாக எழுதுவது மலையாளத்தில் ஒரே உருவமாகச் சேர்ந்துவிடுகிறது. பிள்ளை அதை இதுவரை பார்க்காத புது எழுத்தென்று நினைக்கிறது. க்க, ச்ச, ட்ட, த்த, ப்ப முதலில். பிறகு ன்ன, ம்ம, ல்ல. பிறகு ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப. நாளுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் மூன்று தெரிந்த சொல். புத்தகத்தில் உள்ள வரிசையில் போனால் அரிதான கூட்டெழுத்துகளில் மாட்டிக்கொண்டு நாள் போகும்.

இன்னொன்று வர்க்க எழுத்து. தமிழில் க, ச, ட, த, ப என்ற ஐந்து வல்லின எழுத்து நிற்கும் இடத்தில் மலையாளத்தில் இருபது: ஒவ்வொன்றுக்கும் நான்கு எழுத்து கொண்ட ஒரு வர்க்கம். 'பஸ்' என்று எழுதச் சொன்னால் பிள்ளை முதல் 'ப'-வையே போடும், நீங்கள் சிவப்பு மை எடுப்பீர்கள். பிள்ளைக்கு அந்த ஒலி தெரியாமலில்லை. பஸ், ஜீப், கேட், டோர் என்று வாயில் சரியாகத்தான் சொல்கிறது. கைக்குத்தான் எழுத்து கிடைக்கவில்லை. அந்தச் சொற்களிலிருந்தே ஒவ்வொரு வர்க்கத்தின் மூன்றாம் எழுத்தைத் தொடங்குங்கள். மூச்சு சேர்ந்து வரும் இரண்டாம், நான்காம் எழுத்துகள் பெரும்பாலும் வடமொழிச் சொற்களில் வருபவை. அவற்றைப் பட்டியலாக உருப்போட வைக்காமல், முகம், பாஷை மாதிரி சொல் வரும்போது அந்தச் சொல்லோடு பழக்குங்கள். அதுவரை அந்தப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள்.

எங்கள் அனுபவத்தில் நன்றாக வேலை செய்யும் உத்தி ஒன்று. பிள்ளை தமிழில் சொல்லும் வாக்கியத்தை, 'எங்க வீட்டுல ரெண்டு ஆடு இருக்கு', அப்படியே மலையாள எழுத்தில் கரும்பலகையில் எழுதுங்கள். தமிழின் ஒலி எதுவும் மலையாள எழுத்துக்கு அடங்காததில்லை. பிள்ளை தன் வாக்கியத்தையே வாசிக்கிறது, ஊகிக்க ஒன்றுமில்லை, எழுத்தைக் கூட்டும் வேலை மட்டும். தினம் நான்கு வாக்கியம், இரண்டு வாரம். மூன்றாம் வாரத்திலிருந்து அதன் கீழே அதே செய்தியை மலையாளத்தில் எழுதுங்கள். ஐந்தாம் வாரத்தில் மேல் வரியை அழித்துவிடலாம். 'மலையாளம் கெட்டுப்போகும்' என்று ஆட்சேபம் வரும். எழுத்தே கூட்டத் தெரியாத பிள்ளையிடம் கெடுவதற்கு என்ன மலையாளம் இருக்கிறது என்று கேளுங்கள்.

முதுவான் பிள்ளைகளின் பேச்சும் தமிழுக்கு நெருங்கியது. ஆனால் புத்தகத் தமிழ் அல்ல. அவர்கள் சொல்வதை முதலில் 'நல்ல தமிழாக'த் திருத்தி, அப்புறம் மலையாளமாக்கி என்று இரண்டு முறை திருத்தாதீர்கள். சொன்னபடியே எழுதுங்கள்.

அளப்பதற்கு: 50 சொல் கொண்ட ஒரு பத்தி. 48 சரியாக வந்தால் அந்த அளவு புத்தகத்தைத் தானே வாசிக்கும். 45 முதல் 47 வரை என்றால் உங்கள் உதவியோடு. 45-க்குக் கீழே போனால் புத்தகத்தை மாற்றுங்கள், பிள்ளையை அல்ல. வாசித்து முடித்ததும் என்ன நடந்ததென்று தமிழில் சொல்லவிடுங்கள். தமிழில் சரியாகச் சொன்னால் புரிந்திருக்கிறது என்று பொருள். மலையாளத்தில் பதில் சொல்லாததைப் புரியாததாகக் குறிப்பேட்டில் எழுதுவது தவறான கணக்கு. 'யார் வந்தது?' என்ற கேள்வியை மட்டும் அடிக்கடி கேளுங்கள். தமிழில் வந்தேன், வந்தான், வந்தாள் என்று வினையே ஆளைச் சொல்லிவிடும். மலையாள வினையில் அந்தக் கடைசி அசை இல்லாததால், நீண்ட வாக்கியத்தில் இந்தப் பிள்ளைகள் தொலைப்பது பெரும்பாலும் அந்த ஆளைத்தான்.

கேள்வி: மகள் தமிழ் மீடியத்தில் ஒன்றாம் வகுப்பு. புகுந்த வீட்டில் எல்லோரும் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றச் சொல்கிறார்கள். தமிழில் படித்தால் பின்னாடி கஷ்டப்படுவாளா? (ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை)

முதல் மூன்று வகுப்பில் மாற்றாதீர்கள். வாசிக்கக் கற்பது ஒருமுறைதான். ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பைப் புரிந்த மொழியில் பிடித்துவிட்ட பிள்ளை, அடுத்த எழுத்துமுறைக்கு அதைக் கையோடு எடுத்துப் போகும். கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவும் கூடியவரை தாய்மொழியே பயிற்றுமொழி என்கிறது. உறவினர் வீட்டு இங்கிலீஷ் மீடியப் பிள்ளையை ஒரு பத்தி வாசிக்கச் சொல்லி, என்ன புரிந்ததென்று கேட்டுப் பாருங்கள். சொன்னால் நல்லது. தடையில்லாமல் வாசித்துவிட்டு விழித்தால், அந்தப் பள்ளியின் கட்டணத்துக்கு நீங்கள் வாங்கப்போவது எதுவென்று தெரிந்துவிடும்.

ஆனால் தமிழ் மீடியம் என்ற பெயர் மட்டும் போதாது. மலையாளப் பாட வேளையைக் கரும்பலகையைப் பார்த்து எழுதும் வேளையாக ஓட்டும் தமிழ்ப் பள்ளிகளும் இருக்கின்றன. பஞ்சாயத்து, ஆஸ்பத்திரி, வேலை எல்லாவற்றுக்கும் மலையாளம் வேண்டிய ஊரில் அது பிள்ளைக்குச் செய்யும் துரோகம். தலைமையாசிரியரிடம் கேளுங்கள்: மலையாளத்துக்குத் தனி ஆசிரியர் உண்டா? நாலாம் வகுப்பு முடிந்ததும், பத்து முடிந்ததும் தமிழ் வகுப்புள்ள அடுத்த பள்ளி எது, பஸ் உண்டா? பாடநூல் தயாரிக்கும் மாநில அமைப்பான எஸ்.சி.இ.ஆர்.டி.யின் தமிழ்ப் பாடநூல் எந்த மாதத்தில் கைக்கு வருகிறது? பதிலில் தயக்கம் தெரிந்தால் பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழக) கூட்டத்தில் கேளுங்கள், மாற்றுச் சான்றிதழ் கேட்பதற்கு முன்னால்.

கேள்வி: மூணாறுப் பக்கம் லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) பெண்களுக்கு மாலையில் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறோம். அ, ஆ என்று தொடங்கினோம். இருபது பேர் வந்தார்கள், இப்போது ஆறு பேர். என்ன செய்வது?

வயது நாற்பதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று முதலில் பாருங்கள். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்குச் சின்ன அச்சு புழுவாகத் தெரியும். வெட்கப்பட்டு 'மண்டையில் ஏறல' என்று சொல்லி நின்றுவிடுவார்கள். ஊசியில் நூல் கோர்க்கச் சொன்னாலே தெரிந்துவிடும். கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள், எழுத்தை விரல் உயரத்துக்கு எழுதுங்கள், விளக்கைத் தலைக்கு மேல் வையுங்கள். வகுப்பை விட்டுப் போனவர்களில் சிலர் இதிலேயே திரும்புவார்கள்.

அடுத்தது அரிச்சுவடி வரிசை. ஐந்து வயதுப் பிள்ளைக்கே அது சோதனை. கொழுந்து கிள்ளிவிட்டு வந்தவருக்கு 'ஔ' எதற்கு? பிரேசிலின் பாவ்லோ பிரேரே 1963-இல் அங்கிகோஸ் என்ற ஊரில் முந்நூறு தொழிலாளர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தபோது, அவர்கள் வாழ்க்கையில் சூடாகப் புழங்கும் சொற்களை எடுத்து, அதைப் பற்றிப் பேசி, பிறகு அசைகளாகப் பிரித்து, அசைகளை மாற்றிச் சேர்த்துப் புதுச் சொற்களைக் கட்ட வைத்தார். அடுத்த ஆண்டு ராணுவ ஆட்சி வந்ததும் அவரைச் சிறையில் போட்டுப் பின் நாடு கடந்து போக வைத்தார்கள். எழுத்தறிவுக்கு யார் அஞ்சுவார்கள் என்பதற்கு அதுவே சான்று.

தமிழில் அதை இப்படிச் செய்யலாம். முதல் சொல்: சம்பளம். கால், கொம்பு எதுவுமில்லை. ச, ம், ப, ள என்ற நான்கே உரு. அரை மணி நேரம் சம்பளத்தைப் பற்றிப் பேச்சு: எத்தனை நாள் வேலை, எவ்வளவு பிடித்தம், சீட்டை யார் வாசித்துக் காட்டுகிறார்கள். பிறகு எழுத்து அட்டைகளைக் கலைத்துப் போடுங்கள். சமம், பள்ளம், மச்சம், மளமள, பளபள எல்லாம் அந்த நான்கிலிருந்தே வரும். இரண்டாம் வகுப்பில் துணைக்கால்: மாசம், பாசம், மாமா, பாப்பா. மூன்றாவதில் 'இ' விசிறி: பள்ளி, சாமி, மாமி. நான்காவதில் 'க' என்ற ஒரே ஒரு புது எழுத்து: கம்பளி, காப்பி, பாக்கி. 'பாக்கி' வந்த அன்று பேச்சு தானாகக் கிளம்பும், தடுக்காதீர்கள். அது பாடம் நழுவுவதல்ல, பாடமே அதுதான். ஒரு வகுப்புக்கு ஒன்றரை மணி நேரம், வாரம் மூன்று நாள், பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம்.

'கையெழுத்து மட்டும் பழக்குங்கள், போதும்' என்று சிலர் கேட்பார்கள். கையெழுத்து போடத் தெரிந்து வாசிக்கத் தெரியாதவர், கைநாட்டு வைப்பவரைவிட எளிதாக ஏமாறுவார். எழுதியிருப்பதை வாசிக்கிற வரை கையெழுத்தைத் தள்ளிப்போடுங்கள். இரண்டாம் மாதத்தில் சம்பளச் சீட்டையே பாடமாக்கலாம். 2015 செப்டம்பரில் மூணாறில் பெண் தொழிலாளர்கள் சாலைக்கு வந்தது 20 சதவீத போனஸ் கேட்டு. பேச்சுவார்த்தையில் அது 8.33 சதவீத போனஸ், 11.67 சதவீத எக்ஸ்கிரேஷியா (கருணைத்தொகை) என்று இரண்டு வரியாக முடிந்தது. இரண்டும் கூடினால் இருபதா என்று பார்க்கவும், 8.33 என்பது சட்டம் சொல்லும் குறைந்த அளவு என்று அறியவும் இதைவிட நல்ல கணக்குப் பாடம் கிடைக்காது.

கேள்வி: தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கான லம்ப்சம் கிராண்ட் (மொத்த உதவித்தொகை) பட்டியலை வகுப்பில் உரக்க வாசிக்கிறார்கள். மகன் கூசிப்போய் வருகிறான். இதைக் கேட்கலாமா? (பாறசாலை)

கேட்க வேண்டும். தொகை பிள்ளையின் உரிமை. பட்டியல் அலுவலகக் காகிதம், வகுப்பறைப் பாடமல்ல. பெற்றோருக்குத் தகவல் போனால் போதும். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடியோடு சேர்த்து மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. முதலில் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். அந்தப் பிள்ளைகளை மட்டும் வகுப்பைக் கூட்டவோ கழிப்பறை கழுவவோ சொல்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள், இவை சேர்ந்தே நடப்பது வழக்கம். உங்களுக்குக் கொஞ்ச தூரத்தில் உள்ள ஊருட்டம்பலத்தில், பஞ்சமி என்ற சிறுமியைத் தலித் தலைவர் அய்யன்காளி பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனபோது அந்தப் பள்ளிக்கே தீ வைத்தார்கள். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்கமாட்டோம் என்று அவர் தலைமையில் உழைப்பாளிகள் வேலைநிறுத்தமே செய்தார்கள். அப்படி வாங்கிய இடத்தில் உங்கள் மகன் உட்கார்ந்திருக்கிறான். கூச வேண்டியவர் பட்டியல் வாசிப்பவர்.

கேள்வி: பையன் தெலுங்கில் நன்றாக வாசிக்கிறான். தமிழ் பேசுவான், எழுத்து தெரியாது. வீட்டில் சொல்லிக்கொடுக்க எவ்வளவு நாளாகும்? (குப்பம்)

தினம் இருபது நிமிடம் ஒதுக்கினால் இரண்டு மூன்று மாதத்தில் வாசிப்பான். 247 எழுத்து என்று பயமுறுத்தாதீர்கள். 12 உயிர், 18 மெய், அவற்றின் மேல் ஏறும் குறிகள், ஓர் ஆய்தம், அவ்வளவுதான். தனியாகப் பழக வேண்டியது உகர ஊகார வரிசை மட்டும்: கு, சு, து, ரு என்று ஒவ்வொன்றும் ஒரு மாதிரி வளையும்.

தெலுங்கு படித்த பிள்ளை தடுமாறும் இடம் வேறு. அங்கே ஒவ்வோர் ஒலிக்கும் தனி எழுத்து; இங்கே ஒரே 'க' இடத்துக்கு இடம் மாறி ஒலிக்கும். கல், பக்கம் என்னும்போது அழுத்தம். பகல், பங்கு என்னும்போது மென்மை. சட்டி, பச்சை, பஞ்சு மூன்றிலும் 'ச' மூன்று விதம். சூத்திரமாகச் சொல்ல வேண்டாம். அவன் ஏற்கெனவே பேசும் சொற்களாகவே கொடுங்கள். எழுத்தைக் கூட்டியதும் நாக்கு தானே சரியான ஒலிக்குப் போகும். தெரியாத சொல் வந்தால்தான் தவறுவான், அப்போது ஒருமுறை சொல்லிக் காட்டினால் போதும். ந, ன, ண, ர, ற, ல, ள, ழ குழப்பம் ஒரு வருடம் வரை இருக்கும். அதற்காக வாசிப்பை நிறுத்திவிட்டு எழுத்துப் பயிற்சிக்குத் திரும்பாதீர்கள்; பஸ் பலகையும் மளிகைச் சீட்டும் வாசிக்கட்டும், எழுத்துப்பிழையை வாரத்துக்கு ஒரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.